பிரிட்டன் மேசைக்கு என்ன சமைக்கலாம்?

பெங்களூரின் பன்னாட்டுப் பள்ளிகள் பலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறை ‘இன்டர்நேஷனல் டே’ நடக்கிறது. வகுப்புக்கு ஒரு நாடு, நாட்டுக்கு ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் கொடி, முன்னால் சாப்பாடு. சாப்பாடு பெற்றோரின் பொறுப்பு. இத்தாலி கிடைத்த வீட்டில் பாஸ்தா, மெக்சிகோ கிடைத்த வீட்டில் டாக்கோ என்று அன்று மாலையே முடிவாகிவிடும். பிரிட்டன் கிடைத்த வீட்டில்தான் பேச்சு நீளும். நம்மை ஆண்டவர்களின் நாடு. அவர்கள் மொழியில்தான் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனாலும் அவர்கள் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று கேட்டால், ‘ஃபிஷ் அண்ட் சிப்ஸ்’ என்பதைத் தாண்டி நம்மில் பலருக்குச் சட்டென்று எதுவும் வருவதில்லை.

அந்த ஃபிஷ் அண்ட் சிப்ஸை முதலில் ஒதுக்கிவிடலாம். பண்டத்தில் குறை ஒன்றும் இல்லை. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இருந்து துரத்தப்பட்ட யூதர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது பொரித்த மீன். அதோடு உருளைக்கிழங்கு வறுவலைச் சேர்த்து விற்கும் கடைகள் 1860களில் லண்டனிலும் லங்காஷயரிலும் தோன்றின. ஆலைத் தொழிலாளர்களின் வயிற்றை நிரப்பியபடி அது நாடெங்கும் பரவியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் ரேஷனுக்குப் போனபோதும் ஃபிஷ் அண்ட் சிப்ஸை அந்நாட்டு அரசு ரேஷனில் சேர்க்கவில்லை. ஆனால் அது எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வரவேண்டிய பண்டம். காலை ஆறு மணிக்குப் பொரித்து டப்பாவில் அடைத்துப் பத்து மணிக்குப் பள்ளியில் திறந்தால், மேல்மாவு நமுத்துப்போய், வறுவல் துவண்டு கிடக்கும். பிரிட்டிஷ் சாப்பாடு சப்பென்று இருக்கும் என்கிற பழைய எண்ணத்தைப் பிள்ளைகள் மனதில் ஊன்றுவதற்குத்தான் அது உதவும்.

மாட்டு ரோஸ்ட்டையும் பன்றிக்கறி வைத்த காலைச் சிற்றுண்டியையும் பள்ளி மேசையில் வைக்க முடியாது என்பதைச் சொல்லவே வேண்டாம். அப்படியானால் மிஞ்சுவது என்ன? நிறைய மிஞ்சுகிறது. பெங்களூரில் இருப்பவர்கள் அதைத் தேடி லண்டன் வரை போகவும் வேண்டாம். ஆஸ்டின் டவுன் வரை போனால் போதும்.

ரிச்மண்ட் டவுன், லாங்ஃபோர்டு டவுன், நீலசந்திரா, விவேக் நகர் ஆகிய பகுதிகளை ஒட்டி இருக்கிறது ஆஸ்டின் டவுன். 1894இல் கன்னட - ஆங்கில அகராதியை வெளியிட்ட ஜெர்மானியப் பாதிரியார் ஃபெர்டினாண்ட் கிட்டலின் நினைவாகக் கிட்டல் நகர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். மக்கள் வாயில் இன்றும் ஆஸ்டின் டவுன்தான். கால்பந்து ஊறிய பேட்டை. வியாழக்கிழமைகளில் விவேக் நகர் குழந்தை யேசு ஆலயத்துக்குப் போகும் கூட்டத்தில் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து கேட்கும். பக்கத்திலேயே வண்ணார்பேட்டை. அந்தப் பெயர் ஒன்றே போதும், இந்த இடத்தைக் கட்டி வளர்த்தவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள.

1809இல் ஆங்கிலேயர்கள் பெங்களூரில் படை முகாமை நிறுவினார்கள். நம்மவர்கள் அதைத் ‘தண்டு’ என்றார்கள். சென்னை மாகாணப் படையோடு தமிழர்கள் வந்தார்கள். சிப்பாயாக, கொத்தனாராக, வண்ணாராக, தோட்டக்காரராக, கான்ட்ராக்டராக வந்தார்கள். அவர்களில் ஒரு பெரிய கூட்டம் துரைமார் வீட்டுக் குசினிக்குள் நுழைந்தது. சமையல்காரர், பட்லர், மேட்டி, ஆயா. 1947 ஜூலை 26ஆம் தேதி தண்டுப் பகுதியின் நிர்வாகம் மைசூர் சமஸ்தானத்திடம் திரும்பி வந்தது. அதுவரை ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் குசினிகளில் பிரிட்டிஷ் சாப்பாட்டைச் சமைத்த கைகளில் பெரும்பாலானவை நம் கைகள்.

இதற்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது. சென்னைக் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்த கென்னி ஹெர்பர்ட் என்பவர் ‘வைவெர்ன்’ என்ற புனைபெயரில் சமையல் கட்டுரைகள் எழுதினார். 1878இல் அவை சென்னையில் ‘கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்’ என்ற நூலாக வந்தன. இந்தியாவில் குடித்தனம் நடத்தும் ஆங்கிலேயர்களுக்கான கையேடு அது. சாஸ் எப்படிக் கிண்டுவது, சூப் எப்படித் தெளிய வைப்பது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். அந்தப் பக்கங்களில் அடுப்பருகே நிற்கும் சமையல்காரருக்கு அவர் வைத்திருக்கும் பொதுப்பெயர் ‘ராமசாமி’. ஒரு மாகாணத்தின் சமையல்காரர்கள் அத்தனை பேரையும் ஒரே பெயரில் அடக்கிவிட்டார். அந்த ராமசாமிகளின் உண்மைப் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அவர்கள் சமைத்த சில பண்டங்கள் மட்டும் கப்பல் ஏறி இங்கிலாந்து போய், அங்கேயே நிலைத்துவிட்டன.

பிரிட்டன் மேசையின் நடுவில் வைக்க வேண்டியது அப்படிப் போன ஒரு பண்டத்தை என்பது என் உறுதியான கருத்து. மல்லிகட்டானி சூப். நம் வீட்டு மிளகுத் தண்ணீர்தான் அது.

நம் சாப்பாட்டில் ரசம் சோற்றில் ஊற்றிப் பிசைவது. துரைமாருக்கோ சாப்பாடு சூப்பில் தொடங்க வேண்டும். ‘சூப் வேண்டும்’ என்று கேட்டவர்களுக்கு நம் சமையல்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த மிளகுத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். துரைக்கு அது தண்ணீராகத் தெரிந்தது. கோழி வெந்த நீரைச் சேர்த்தார்கள், வெங்காயத்தை வதக்கிப் போட்டார்கள், தேங்காய்ப்பால் விட்டுக் கெட்டியாக்கினார்கள், பக்கத்தில் கொஞ்சம் சோறு வைத்தார்கள். இந்தச் சூப்பைச் சென்னை மாகாணத்து ஆங்கிலேயர்கள் குடித்த குடியில், மற்ற மாகாணத்து வெள்ளையர்கள் அவர்களுக்கு ‘மல்ஸ்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்கள் சூப்பையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே புளி கிடைக்காத வீடுகளில் புளிப்புக்கு ஆப்பிள் விழுந்தது. மிளகு, சீரகம், மல்லியைத் தனித்தனியாக வறுத்து அரைக்கத் தெரியாதவர்களுக்கு டப்பாவில் அடைத்த கறிப்பொடி உதவியது. இன்று பிரிட்டிஷ் சூப்பர் மார்க்கெட்டில் அது டின்னில் அடைத்து விற்கப்படுகிறது.

பள்ளிக்கு இதை எடுத்துப்போவதில் வசதிகள் பல. ஃபிளாஸ்க்கில் சூடு நிற்கும். சிறு காகிதக் கப்பில் ஊற்றிக் கொடுக்கலாம். இறைச்சி இல்லாமலும் ருசி குறையாது. அரைக் கிலோ மசூர் பருப்பு, நான்கு பெரிய வெங்காயம், இரண்டு கேரட், மூன்று புளிப்பு ஆப்பிள், ஒரு முழுப்பூண்டு, சிறு துண்டு இஞ்சி. இவற்றை வெண்ணெயில் வதக்கி, மஞ்சள்தூள் போட்டு, மிளகு, சீரகம், மல்லி மூன்றையும் வறுத்துப் பொடித்துச் சேர்த்து, குழைய வேகவிட்டு மசித்து வடிகட்ட வேண்டும். இரண்டு தேங்காயின் பால், கடைசியில் கொஞ்சம் புளிக்கரைசல். தண்ணீர் சேர்த்து ஐந்து லிட்டர் ஆக்கினால் நூறு மில்லி கப்பில் ஐம்பது பேருக்கு வரும். மிளகைக் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளும் குடிப்பார்கள். நீர்க்க இருப்பதைவிடச் சற்றுக் கெட்டியாக இருப்பது நல்லது. கப்பைச் சாய்த்தால் மெதுவாக இறங்க வேண்டும்.

இது எப்படிப் பாரம்பரிய பிரிட்டிஷ் உணவாகும் என்று ஆசிரியரோ மற்ற பெற்றோரோ கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி 1747இல் வெளியிட்ட சமையல் நூல் இங்கிலாந்தில் பல தலைமுறைகள் புழங்கியது. மிளகும் மல்லியும் போட்டு ‘இந்திய முறையில்’ கறி வைக்கும் குறிப்பு அதிலேயே இருக்கிறது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 1810இல் லண்டனில் இந்தியச் சாப்பாட்டுக்கென்றே ‘ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ்’ திறந்தார். வீடுகளில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் தெரிவதற்கு முன்பே கறி தெரிந்திருந்த நாடு அது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாட்டு மக்கள் சமைத்து, மாற்றி, தங்கள் புத்தகங்களில் எழுதி, பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்த்தது அந்த நாட்டின் பாரம்பரியம் ஆகாதா? நம் சாம்பாரில் விழும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதானே.

கிச்சடியிலிருந்து கிளைத்த கெட்ஜரியும் அப்படித்தான். புகையில் வாட்டிய மீன், சோறு, அவித்த முட்டை, கொஞ்சம் கறிப்பொடி. விக்டோரியா காலத்துக் காலைச் சாப்பாடு. மீனும் முட்டையும் அனுமதிக்கும் பள்ளி என்றால் செய்யலாம். நேரம் ஆக ஆக மீன் வாடை தூக்கும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆஸ்டின் டவுனிலும் ரிச்மண்ட் டவுனிலும் வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் சமையலை இந்த இடத்தில் சேர்க்கலாமா? கொத்துக்கறியைப் பந்தாக உருட்டிப் போட்ட ‘பால் (ball) கறி’, தேங்காய்ப்பாலில் வடித்த மஞ்சள் சோறு, கூடவே காரமான டெவில் சட்னி. ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வாசனை தெருவில் வந்தால் நடப்பவர் நின்றுவிடுவார். கறி வறுவலோடு பெப்பர் வாட்டர் ஊற்றிச் சாப்பிடும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. மல்லிகட்டானியின் தாய் இன்றும் உயிரோடு இருக்கும் வீடுகள் அவை. கோலார் தங்கவயலில் பிறந்து பெங்களூரில் வாழும் பிரிட்ஜெட் வைட்-குமார் இந்தச் சமையலைப் பல நூல்களாக எழுதிக் காப்பாற்றியிருக்கிறார். தங்கவயலும் தமிழ்த் தொழிலாளர்களின் ஊர்தான். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியதிலிருந்து ஆங்கிலேயர், ஆங்கிலோ இந்தியர், தமிழர் என்று மூன்று அடுப்புகள் அருகருகே எரிந்த இடம்.

ஆனாலும் பால் கறியைப் பிரிட்டன் மேசையில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அது இந்தியாவில் பிறந்து இந்தியாவிலேயே வளர்ந்த சமையல். ஆங்கிலோ இந்தியர்கள் இந்தியக் குடிமக்கள். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் அவர்களுக்கு இருந்த நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு முடிந்துபோயின. ‘நீங்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை’ என்று இன்னொரு முறை உணவு மேசையிலும் அவர்களுக்கு நாம் சொல்லக் கூடாது. பால் கறியும் மஞ்சள் சோறும் இந்தியா மேசையில், பிசிபேளாபாத்துக்கும் பிரியாணிக்கும் பக்கத்தில் இருக்க வேண்டியவை. அங்கே யாராவது அதைக் கொண்டுவந்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

சரி, பிரிட்டனுக்குத் திரும்புவோம். மேசைக்கு வருகிற பிள்ளைகளில் முட்டை தொடாதவர் இருப்பார், இறைச்சி தொடாதவர் இருப்பார், ஹலால் பார்ப்பவர் இருப்பார், வெங்காயமும் கிழங்கும் சேர்க்காத ஜைனப் பிள்ளைகள் இருப்பார்கள், நிலக்கடலையோ முந்திரியோ தின்றால் உடம்பு வீங்கிவிடும் பிள்ளைகளும் இருப்பார்கள். பிரிட்டிஷ் பண்டங்களில் கண்ணுக்குத் தெரியாமல் இறைச்சி ஒளிந்திருக்கும் இடங்களைத் தெரிந்துகொள்வது அவசியம். டிரைஃபிளில் போடும் ஜெல்லியின் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டின் அல்லது பன்றியின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது. கிறிஸ்துமஸ் புட்டிங்கிலும் மின்ஸ் பையிலும் பழைய முறைப்படி சேர்க்கும் ‘சூவெட்’ மாட்டுக் கொழுப்பு, பிராந்தியும் விழும். வூஸ்டர் சாஸில் நம் புளி இருக்கிறது, கூடவே நெத்திலி வகை மீனும் இருக்கிறது. சைவச் சாண்ட்விச் என்று சொல்லி அதை இரண்டு சொட்டு விட்டுவிடக் கூடாது. கடையில் வாங்கும் எதிலும் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கூடையில் போடுங்கள்.

முட்டை இல்லாமல் இங்கிலீஷ் இனிப்பே கிடையாது என்று நம் ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. அதை மாற்றும் ஒரு வரலாறு பர்மிங்காமில் இருக்கிறது. ஆல்ஃப்ரெட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரரின் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. கஸ்டர்டு என்றாலே பாலும் முட்டை மஞ்சளும்தான் என்றிருந்த காலம். மனைவிக்காக 1837இல் சோள மாவை வைத்து முட்டையே இல்லாத கஸ்டர்டு பொடியைக் கண்டுபிடித்தார். ஈஸ்ட்டும் மனைவிக்கு ஆகாது என்பதால் 1843இல் பேக்கிங் பவுடரையும் செய்தார். ஒரு கணவரின் அக்கறையில் பிறந்த இந்த இரண்டு டப்பாக்கள்தான் இன்று நம் சமையலறை அலமாரிகளில் இருக்கின்றன. கல்யாணப் பந்தியில் ஃபுரூட் சாலட் மேல் ஊற்றும் மஞ்சள் கஸ்டர்டு பிரிட்டனின் அசல் வீட்டுச் சமையல். அதைச் செய்யாத தமிழ் வீடு குறைவு. பழைய ரொட்டித் துண்டுகளில் வெண்ணெய் தடவி, உலர்திராட்சை தூவி, நீர்க்கக் கரைத்த கஸ்டர்டை ஊற்றி ஓவனில் வைத்தால் பிரெட் அண்ட் பட்டர் புட்டிங். மிஞ்சிய ரொட்டியை வீணாக்காமல் இருக்க அங்கத்து இல்லத்தரசிகள் கண்ட வழி. சதுரத் துண்டுகளாக வெட்டிக் கொண்டுபோகலாம், ஆறினாலும் நன்றாக இருக்கும்.

பிரிட்டன் என்றதும் இங்கிலாந்தோடு நின்றுவிடுகிறோம். இங்கிலாந்தோடு ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றும் சேர்ந்ததுதான் அந்த நாடு. மேசையில் நான்குக்கும் இடம் கொடுத்தால் பிள்ளைகள் வரைபடம் பார்த்துக் கற்பதைவிட அதிகம் கற்பார்கள்.

ஸ்காட்லாந்துக்கு ஷார்ட்பிரெட். என்னைக் கேட்டால் பள்ளி மேசைக்கு இதைவிடப் பொருத்தமான பண்டம் வேறு இல்லை. முட்டை இல்லை, ஈஸ்ட் இல்லை, கொட்டைப் பருப்பு இல்லை, வெங்காயம், கிழங்கு எதுவும் இல்லை. மாவு மூன்று பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு. அவ்வளவுதான். ஒன்றரைக் கிலோ மைதா, ஒரு கிலோ உப்பில்லாத வெண்ணெய், அரைக் கிலோ பொடித்த சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. முப்பது கிராம் துண்டாக நூறு வரும். மைதாவில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அரிசிமாவு சேர்ப்பது ஸ்காட்லாந்திலேயே உள்ள பழைய பக்குவம். வாயில் போட்டால் உதிரும். அழுத்திப் பிசையக் கூடாது. ட்ரேயில் பரப்பி, முள்கரண்டியால் குத்தி, 160 டிகிரி வெப்பத்தில் நிதானமாக வேகவிட வேண்டும். சிவக்கக் கூடாது, இளமஞ்சளாக இருக்கும்போதே எடுத்து, சூட்டோடு துண்டு போட வேண்டும். நல்ல வெண்ணெயாக வாங்குங்கள். இந்தப் பண்டத்தில் ருசி முழுவதும் வெண்ணெயில்தான் இருக்கிறது. வனஸ்பதி போட்டுச் செய்வதானால் செய்யாமலே இருக்கலாம்.

வெண்ணெய் என்றதும் சொல்ல வேண்டிய ஒருவர் முத்துசாமி முதலியார். ஆங்கிலேயர்களின் தபால்களைக் கோயம்புத்தூரிலிருந்து நீலகிரி மலைக்குச் சுமந்துசென்ற தமிழர். 1905இல் ஓர் ஆங்கிலேயரிடமிருந்து வெண்ணெய் வியாபாரத்தை வாங்கினார். அதுதான் நீல்கிரிஸ் ஆயிற்று. 1936இல் பெங்களூர் பிரிகேட் ரோட்டுக்கு வந்தது. தண்டுப் பகுதியின் ரொட்டிக்கும் கேக்குக்கும் வெண்ணெய் தந்த கடைகளில் அதற்குத் தனி இடம் உண்டு.

வீட்டில் பெரிய ஓவன் இல்லையே என்று தயங்க வேண்டாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டில் கேக் மாவு கலக்கி, ட்ரேயில் ஊற்றி, தெரு பேக்கரிக்குக் கொண்டுபோய் வேகவைத்து வாங்கிவருவது தண்டுப் பகுதியில் பழைய வழக்கம். ஃபிரேசர் டவுனில் 1902இல் தொடங்கிய ஆல்பர்ட் பேக்கரி போன்ற கடைகள் வளர்ந்தது அப்படிப்பட்ட மண்ணில். உங்கள் தெரு பேக்கரிக்காரரிடம் இரண்டு நாள் முன்னதாகக் கேட்டுப் பாருங்கள். கூலி வாங்கிக்கொண்டு வேகவைத்துக் கொடுப்பவர் இன்றும் இருக்கிறார்.

வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் ஓவனே தேவையில்லை, தோசைக்கல் போதும். வேல்ஸ் நாட்டுக் கிராம வீடுகளில் அடுப்பின் மேல் கனமான இரும்புத் தட்டு இருக்கும். அதில் சுடுவது வெல்ஷ் கேக். கால் கிலோ மைதாவில் சிறிது பேக்கிங் பவுடரும் ஏறக்குறைய நூறு கிராம் வெண்ணெயும் பிசறி, எண்பது கிராம் சர்க்கரை, ஒரு கைப்பிடி உலர்திராட்சை, ஜாதிக்காய்ப் பொடி, பட்டைப் பொடி சேர்த்து, முட்டைக்குப் பதில் பால் தெளித்துப் பிசைந்து, அரை அங்குலத்துக்கும் குறைவான கனத்தில் வட்டமாக வெட்டி, சின்னத் தீயில் இருபுறமும் சுட வேண்டும். மேலே சர்க்கரை தூவுவார்கள். மார்ச் 1ஆம் தேதி புனித டேவிட் திருநாளில் வேல்ஸ் முழுவதும் இதைச் சுடுகிறார்கள்.

வட அயர்லாந்தின் சோடா ரொட்டிக்கு மாவு, உப்பு, நாம் ஆப்பத்துக்குப் போடும் சோடா, புளித்த மோர். நான்கே பொருள். வெண்ணெய் கடைந்தெடுத்த பிறகு மிஞ்சும் மோரை வீணாக்காமல் அங்கத்துப் பெண்கள் மாவில் ஊற்றினார்கள். மோரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்து மாவை உப்ப வைக்கும். வட்டமாகத் தட்டி, நான்காக வெட்டி, தோசைக்கல்லில் சுட்டு, சூட்டோடு வெண்ணெய் தடவ வேண்டும். பாதி கோதுமை மாவு கலந்தாலும் நன்றாக வரும். மாவு கையில் ஒட்டும். அதற்காக மேலும் மாவு கொட்டினால் ரொட்டி கல்லாகிவிடும்.

இங்கிலாந்துக்கு ஸ்கோன். முட்டை இல்லாமலே வரும். அதைப் பிளந்து ஜாமும் ‘கிளாட்டட் கிரீமும்’ வைத்துச் சாப்பிடுவார்கள். டெவனில் முதலில் கிரீம், அதன்மேல் ஜாம். பக்கத்து மாவட்டமான கார்ன்வாலில் முதலில் ஜாம், அதன்மேல் கிரீம். எது சரி என்று இரண்டு மாவட்டத்தாரும் தலைமுறை தலைமுறையாக வாதாடுகிறார்கள். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். இரண்டு விதமாகவும் வைத்து ஓட்டுப் போடச் சொல்லலாம். அந்தக் கிரீமை இங்கே பெரும் விலை கொடுத்துத் தேட வேண்டாம். பாலைச் சின்னத் தீயில் நெடுநேரம் காய்ச்சி, ஆறவிட்டு, மேலே படியும் ஏட்டை எடுப்பதுதான் கார்ன்வாலிலும் பழைய முறை. இரண்டு மூன்று நாள் பாலாடையைச் சேர்த்துக் குளிர வைத்தால் அதற்கு மிக நெருக்கமாக வந்துவிடும். பள்ளி வரை ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும்.

நான்கும் செய்ய முடியாது, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் வருந்தாதீர்கள். மேரி பிஸ்கட்டை லண்டனின் பீக் ஃபிரீன் கம்பெனி 1874இல், விக்டோரியா ராணியின் மகனை மணந்த ரஷ்ய இளவரசி மரியாவின் பெயரில் செய்தது. போர்பன் பிஸ்கட்டும் 1910இல் அதே கம்பெனியில் பிறந்ததுதான். மெக்விட்டீஸ் டைஜெஸ்டிவ் 1892இல் எடின்பரோவில் வந்தது. மூன்றையும் ஒரு தட்டில் அடுக்கி, பிறந்த ஊரையும் ஆண்டையும் எழுதி வைத்து, பக்கத்தில் பால் விட்ட தேநீரை வைத்தால் அதுவே உண்மையான பிரிட்டிஷ் மாலை மேசை. அங்கே சாதாரண வீடுகளில் விருந்தாளிக்கு வைப்பது இவ்வளவுதான். தேநீருக்கு நீலகிரித் தூள் வாங்குங்கள். அந்தத் தோட்டங்களை நட்டு வளர்த்ததும் நம் மக்களின் உழைப்பு.

ஸ்காட்லாந்தின் ஹாகிஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு சேர்த்து இரைப்பையில் அடைத்து வேகவைப்பது. ஜனவரி 25 அன்று கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளில் அதைப் பாட்டோடு பரிமாறுவார்கள். பெயர் கேட்டு முகம் சுளிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். குடல் குழம்பும் ஈரல் வறுவலும் ருசித்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அதில் சுளிக்க ஒன்றும் இல்லை. பள்ளி மேசைக்கு வேண்டாம், பாடத்தில் சொல்லலாம். இறைச்சி அனுமதிக்கும் பள்ளி என்றால் ஷெப்பர்ட்ஸ் பை நல்ல தேர்வு. ஜான்சன் மார்க்கெட்டில் ஆட்டுக் கொத்துக்கறி வாங்கி, வெங்காயம், கேரட் போட்டுச் சுண்ட வதக்கி, மேலே மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி, மேல்புறம் சிவக்க வேகவிடுவது. ‘ஷெப்பர்ட்’ என்றால் ஆட்டிடையர். எனவே ஆட்டுக்கறி போடுவது சமரசம் இல்லை, அதுதான் முறை.

எல்லாவற்றையும் ஒரே வீடு செய்ய நினைக்கக் கூடாது. என் தேர்வு மூன்று: மல்லிகட்டானி சூப், ஷார்ட்பிரெட், கஸ்டர்டு. மூன்றும் சைவம், மூன்றிலும் முட்டை இல்லை. ஷார்ட்பிரெட்டை மூன்று நாள் முன்பே செய்து டப்பாவில் வைக்கலாம், கஸ்டர்டை முந்தின இரவே காய்ச்சிக் குளிர வைக்கலாம், காலையில் அடுப்பில் சூப் மட்டும்தான். இன்னும் இரண்டு குடும்பங்கள் சேர்ந்தால் வெல்ஷ் கேக்கும் சோடா ரொட்டியும் சேரட்டும்.

ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். என்னென்ன பொருள் சேர்ந்திருக்கிறது, பால் உண்டா, கோதுமை உண்டா என்பது மேலே பெரிய எழுத்தில் இருக்கட்டும். கீழே அது எந்த ஊரில் பிறந்தது என்று இரண்டு வரி. மல்லிகட்டானிக்கான அட்டையை உங்கள் பிள்ளையே தன் கையால் எழுதட்டும். இங்கிலாந்தில் இன்றும் விற்கும் இந்தச் சூப்பை முதலில் சமைத்தவர்கள் சென்னை மாகாணத்துத் தமிழ்ச் சமையல்காரர்கள் என்று அதில் இருக்க வேண்டும். பெயர் எழுதப்படாமல் போனவர்களுக்கு அவர்கள் ஊர்ப் பிள்ளை செய்யக்கூடிய மரியாதை அது.

ஆஸ்டின் டவுனிலோ அதன் அக்கம்பக்கத்திலோ இருக்கிறீர்கள் என்றால் இன்னொன்றும் செய்யுங்கள். இணையத்தில் தேடுவதற்கு முன் உங்கள் தெருவில் உள்ள ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பெரியவர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். ஷார்ட்பிரெட்டின் பதமும் பெப்பர் வாட்டரின் பக்குவமும் அந்த வீட்டு ஆன்ட்டிக்குத் தெரிந்திருக்கும். கேட்டால் சொல்லிக் கொடுப்பார்கள். பிள்ளையையும் கூட அழைத்துப் போங்கள், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு.